சத்திரத்து ஊரில் உண்டியும் உறையுளும்

நம் நாட்டில் ஊருக்குப் பெயர் அமைந்த வகை பல. குளத்தால் பெயர் பெற்ற ஊர் உண்டு. மரத்தால் பெயர் பெற்ற ஊர் உண்டு. பாக்கம் என்றும் பேட்டை என்றும் முடியும் ஊர்களுக்குத் தொண்டை நாட்டில் குறைவே இல்லை. ஆனால் வழிநடந்து களைத்து வருகிறவனுக்கு ஒரு வேளைச் சோறும், தலை சாய்க்க ஒரு திண்ணையும் கொடுத்த காரணத்தாலேயே பெயர் பெற்ற ஊர்கள் சிலவே. சென்னையிலிருந்து காஞ்சி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அப்படி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. காஞ்சியைத் தாண்டிச் சென்றால் பாலுசெட்டி சத்திரம். காஞ்சிக்கு முன்னரே, ஸ்ரீபெரும்புதூரை விட்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் மேற்கே வந்தால் சுங்குவார்சத்திரம். இந்தச் சுங்குவார்சத்திரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அங்கே எதை உண்ணலாம், எதை வாங்கலாம், எங்கே தங்கலாம் என்பதுதான் பேச்சு.

முதலில் பெயரை முடித்துவிடுவோம். சுங்கு என்பது தெலுங்கு வணிகக் குடும்பம் ஒன்றின் பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பெனியாருக்குத் தலைமை வணிகராக விளங்கியவர் சுங்குராமா செட்டியார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் பெயர் தாங்கிய தெரு ஒன்று இன்றும் இருக்கிறது. தெலுங்கிலே 'வாரி' என்பது 'அவர்களுடைய' என்று மரியாதை தோன்றச் சொல்லும் சொல். சுங்குவாரி சத்திரம் தமிழர் வாயில் சுங்குவார்சத்திரம் ஆயிற்று என்று கொள்வது பொருத்தம். சென்னையில் பொருள் திரட்டிய வணிகர்கள், காஞ்சிக்கும் திருப்பதிக்கும் இராமேசுவரத்துக்கும் கால்நடையாகச் செல்வோருக்காகச் சாலையோரங்களில் சத்திரம் கட்டிவைப்பது அந்நாளைய வழக்கம்.

சத்திரம் என்றால் இக்காலத்தில் நமக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய சத்திரத்தின் வேலை வேறு. அதைத் தெரிந்துகொள்ள நல்லதொரு சான்று தஞ்சாவூரிலிருந்து கிடைக்கிறது. மன்னர் இரண்டாம் சரபோசி, தம் நாட்டு ஆட்சியைக் கும்பெனியாரிடம் இழந்த பின்பு, சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டு 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்று அதில் விரிவாகச் சொல்கிறார். வருகிறவர் எந்தச் சாதியாராயினும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டமும் அளந்து கொடுப்பார்கள். படியளப்பு நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். மழையினாலோ வேறு தடையினாலோ பயணம் தொடர முடியாதவர்க்குப் போகும் நாள் வரை உணவு உண்டு. நோயாளிக்கு மருத்துவரும் மருந்தும், கைக்குழந்தைக்குப் பாலும், அங்கேயே மகவு ஈன்றவளுக்கு வேண்டிய பத்தியமும் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வியும் உண்டு. இறந்தவர்க்கு ஈமக்கடனும் சத்திரத்தின் செலவிலேயே நடக்கும்.

எல்லாச் சாதியார்க்கும் சோறு என்றேன். எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து உண்டார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் அது நடவாத காரியம். அந்தக் குறையையும் சேர்த்தே சத்திரத்தை நினைக்க வேண்டும்.

இப்போது ஊருக்குள் வருவோம். சுங்குவார்சத்திரம் ஒரு நாற்சந்தி. கிழக்கும் மேற்கும் நெடுஞ்சாலை ஓடுகிறது. வடக்கே திருவள்ளூருக்கு ஒரு சாலை. தெற்கே வாலாஜாபாத்துக்கு ஒரு சாலை. சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். இந்தப் பகுதிக்குப் பெரிய ஆலைகள் வரத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2007இல் சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் சாம்சங் ஆலை தொடங்கிற்று. ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் பெருகின. ஒரு காலத்தில் பஸ் நடத்துனர் கூவினால்தான் காதில் விழும் ஊர்ப்பெயர், 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங் தொழிலாளர் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது சியோல் நகரத்துப் பத்திரிகைகளிலும் அச்சாயிற்று.

ஆக, வழிப்போக்கர் ஊர் இன்றும் வழிப்போக்கர் ஊராகவே இருக்கிறது. அன்று வந்தவன் ஓர் இரவு தங்கினான். இன்று வருகிறவர் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு தங்குகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துப் பெண்கள், பீகார், ஒடிசா, அசாமிலிருந்து இளைஞர்கள், கொரியாவிலிருந்து பொறியாளர்கள்.

இவர்கள் உண்பதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் நாற்சந்திக்கு வர வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார்கள். இரவு ஷிப்டு முடிந்தவர்கள் சற்று நேரத்தில் வந்து இறங்குவார்கள். ஒரு கூட்டத்துக்கு அது காலை உணவு. மற்றக் கூட்டத்துக்கு உறங்கும் முன் உண்ணும் கடைசி உணவு. தள்ளுவண்டியில் இட்டிலித் துணியை எடுக்கும்போது எழுகிற ஆவி சாலை விளக்கின் ஒளியில் வெண்மையாகத் தெரியும். இத்தகைய கடைகளுக்கு நம் மக்கள் 'கையேந்தி பவன்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே உண்பதால் வந்த பெயர். பெரிய ஓட்டல்கள் நெடுஞ்சாலையில் நிறைய உண்டு. காரில் வருவோர்க்கு அவை வசதி. ஆனால் எனக்குப் பிடித்தவை இந்த வண்டிகளே. எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், கம்பெனி பஸ் டிரைவர்கள் கூடி நிற்கிற வண்டியைப் பாருங்கள் என்பேன். அவர்கள் நாள்தோறும் அங்கே உண்கிறவர்கள். வயிறு கெட்டால் வண்டி ஓட்ட முடியாதவர்கள்.

வடநாட்டு இளைஞர்கள் வந்த பின்பு ஊரின் நாக்கும் சற்று மாறியிருக்கிறது. மாலையில் பானி பூரி வண்டிக்கு முன் தமிழ்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மளிகைக் கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் அமர்ந்திருக்கிறது. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவு விடுதிகளைக் காணலாம். முட்டைக்கோசில் உப்பும் மிளகாயும் இட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சியை அவர்கள் ஒவ்வொரு வேளையும் உண்கிறார்கள். ஊறுகாய் இல்லாமல் தயிர்ச்சோறு இறங்காத நமக்கு அது வியப்பாகத் தோன்ற நியாயமில்லை.

வந்தவர்க்கு இங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்வது தமிழில் புதிய பொருளன்று. இந்த வட்டாரத்துக்கே அப்படி ஒரு வழிகாட்டி நூல் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 500 அடிகள் கொண்டது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழி என்றால் வெறும் திசை மட்டும் சொல்லவில்லை. எயினர் குடியிருப்பில் மேட்டு நிலத்துச் செந்நெற் சோறும் உடும்பின் கறியும் கிடைக்கும். ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும் கிடைக்கும். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழிக்கறியும். வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் இல்லத்தில் நெல்லஞ்சோற்றுடன் கறிவேப்பிலை கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். ஒவ்வொரு குடியையும் அதன் உணவால் அறிமுகம் செய்கிறார் புலவர். எதையும் அவர் இழிவாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்சந்தியிலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் தென்னேரி என்ற பெரிய ஏரி இருக்கிறது. திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பர். பாட்டுடைத் தலைவன் பெயர் இன்னும் நீராக நிற்கிறது.

வார ஓய்வு நாளில் காஞ்சிக்குச் செல்கிறவர்கள் வரதராசப் பெருமாள் கோயில் இட்டிலியை விட்டுவிடக் கூடாது. குடலை இட்டிலி என்று அதற்குப் பெயர். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கிற் குடலையில் ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்து எடுத்தால் தூணைப் போல் நிற்கும். வில்லை வில்லையாக அறுத்துக் கொடுப்பார்கள். பஞ்சு போன்ற இட்டிலியை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறுவார். இது சற்றுக் கரகரப்பானது, காரமானது, இலையின் மணம் ஏறியது. சுக்கும் மிளகும் சேர்ந்த காரணத்தால் எளிதில் கெடாது. கட்டுச்சோறாக எடுத்துச் செல்லத் தக்கது. யாத்திரிகர் ஊருக்கு ஏற்ற பண்டம்.

காஞ்சிச் சாலையில் உணவைப் பற்றிப் பேசும்போது திருக்கச்சி நம்பியின் கதை நினைவுக்கு வராமல் இராது. பூவிருந்தவல்லியில் பிறந்து காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர் அவர். பிறப்பால் அந்தணர் அல்லர். ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் அவதரித்த இராமானுசர் காஞ்சியில் வாழ்ந்த நாளில், நம்பியைத் தம் வீட்டுக்கு விருந்தழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று விரும்பினார். அவரை அழைத்துவர இராமானுசர் ஒரு தெரு வழியே செல்ல, நம்பி வேறொரு தெரு வழியே வந்து, அவசரமாக உண்டு போய்விட்டார். இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் மிச்சத்தை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடி, கணவருக்கு வேறு சமையல் செய்தாள். திரும்பி வந்து அதைக் கண்ட இராமானுசர் மனம் நொந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. அந்த அம்மையார் விருந்தாளிக்கு உணவு இடாமல் இல்லை; நன்றாகவே இட்டாள். இட்ட பிறகு என்ன செய்தாள் என்பதில்தான் எல்லாம் கெட்டது. இன்று ஆலைகளின் கேண்டீனில் ஆயிரம் பேர் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பதைப் பார்க்கும்போது, சாம்பார் தண்ணீராக இருக்கிறதே என்று குறை சொல்ல நினைத்தாலும், அந்த வரிசையைப் பற்றி எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

வாங்கும் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வேலைக்கு வந்த முதல் நாளில் ஒருவர் வாங்குவது பாய், வாளி, குவளை, பூட்டு. கடைத்தெருவில் இவை வாசலிலேயே தொங்கும். பூட்டை மட்டும் நல்லதாக வாங்க வேண்டும். பலர் சேர்ந்து தங்கும் அறையில் சொந்தமென்று இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். பிறகு, சம்பளம் சேர்ந்து, தங்கைக்கோ தனக்கோ கல்யாணம் வரும்போது, காஞ்சிக்குப் பட்டு வாங்கச் செல்வார்கள்.

காந்தி சாலையில் கடைகளுக்கு வெளியே நின்று அழைப்பவர்கள் பேச்சை நம்பி நுழைய வேண்டாம். அறிஞர் அண்ணா, காமாட்சி அம்மன், முருகன் என்னும் பெயர்களில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே முதலில் பார்த்து விலையைத் தெரிந்துகொள்வது நல்லது. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம் என்றால், மூன்று நாடாக்களை ஓட்டி, கரையை உடலோடு இழைக்கு இழை பின்னிச் சேர்ப்பார்கள். இதற்குத் தறியில் ஒருவர் போதாது; துணைக்கு மற்றொருவர் வேண்டும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் கரை சேரும் இடத்தில் அந்தப் பின்னல் தெரியும். சரிகையில் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிய வேண்டும். அதன்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே உண்மைச் சரிகை. 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பிறகும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர் இருக்கிறார்கள். ஆகையால் கண்ணை நம்புங்கள். சிட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உறையுள். இதில்தான் சத்திரத்து ஊருக்குச் சோதனை வந்தது.

பயணியாக வருகிறவர்க்குத் தங்கும் இடத்துக்குக் குறைவில்லை. காஞ்சியில் விடுதிகள் நிறைய. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் அத்தி வரதர் காட்சி தந்தபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள்; அப்போது வீட்டுத் திண்ணைகளும் சத்திரமாயின. துன்பம் ஓர் இரவுக்காரருக்கு அன்று, மூன்று ஆண்டுக்காரருக்கு. ஊரார் தம் மனைகளில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். லைன் வீடு என்று பெயர். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் கழிப்பிடம். ஆலைகளுக்கு ஆள் தரும் ஒப்பந்தக்காரர்கள் பெரிய கட்டடங்களை எடுத்துப் பெண்களுக்கு விடுதி நடத்தினார்கள்.

அப்படிப் பூவிருந்தவல்லியில் நடந்த ஒரு விடுதியில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சாயிற்று. சுங்குவார்சத்திரத்துக்கு அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் கைத்தொலைபேசி செய்யும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய்யென்று பின்னர்த் தெரிந்தது. ஆனால் உடன் வேலை செய்கிறவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று யாரும் சொல்லாத நிலையில், வதந்தியை நம்பாமல் வேறு என்ன செய்வார்கள்? டிசம்பர் 17ஆம் நாள் இரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். யாத்திரிகர் நடந்த அதே சாலை. ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்ததாகவும், சில கழிப்பிடங்களில் தண்ணீர் வரவில்லை என்றும் அவர்கள் செய்தியாளரிடம் கூறினார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சென்று பார்த்தபோது சமையலறையில் எலிகள் இருந்தன, அதை மூடினார்கள். ஆலையும் மூடப்பட்டு, 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. உலகமெங்கும் விற்கிற விலையுயர்ந்த கருவியைப் பிழையில்லாமல் பூட்டத் தெரிந்த கைகளுக்கு, எலி தீண்டாத ஒரு கவளம் சோறு கிடைக்கவில்லை. 1801இல் தஞ்சையில் நள்ளிரவு மணி அடித்துப் பசித்தவரைத் தேடினார்கள் என்று சற்று முன் சொன்னேனே, அந்தச் செய்தியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாலையில் அமர்ந்ததற்குப் பலன் இல்லாமற் போகவில்லை. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் பெண் தொழிலாளர்க்கு ஒரு குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்டு 17இல் அதைத் திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சிற்றூரின் மக்கள் தொகையைவிட அது பெரிது. தமிழ்நாட்டில் ஒரே இடத்தில் இத்தனை பேருக்குப் படுக்கை போட்ட சத்திரம் முன்பு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சத்திரம் என்று நான் சொல்வதை அங்கே இருக்கும் பெண்கள் ஒப்புவார்களோ என்னவோ. தருமத்துக்கு இருக்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டாம். தங்கள் உழைப்பின் பேரில் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் இடம் பெறாத பெண்களும் இருக்கிறார்கள். வெளிமாநில இளைஞர்களோ எல்லாரும் லைன் வீடுகளில்தான். ஒரு ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் மற்றொரு ஷிப்டுக்காரர் படுப்பது அங்கே அதிசயமில்லை. ஆகவே, புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்க்கும், மகளை அனுப்பிவைக்கும் பெற்றோர்க்கும் சில செய்திகளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அறையைப் பகலில் பார்க்காமல் இரவில் பாருங்கள். எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பிடம் எத்தனை என்று எண்ணுங்கள். பெண்கள் விடுதியாக இருந்தால் அரசிடம் பதிவும் உரிமமும் பெற்றதா என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை இருந்தாக வேண்டும். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து அறை வரை இரவில் விளக்கு உண்டா என்று நடந்து பாருங்கள். அட்வான்சுக்கு ரசீது கேளுங்கள். ரசீது கொடுக்கத் தயங்கினால் அடுத்த லைன் வீட்டைப் பாருங்கள். அது பத்தடி தூரத்தில்தான் இருக்கும்.